ரெண்டு நிறத்து நீலக்கல்லு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இலங்கை இரத்தினபுரியில இருந்து வந்திருக்கேன், கல்லு வெட்டுறதுதான் தொழில், எங்கட வாப்பாவுக்கும் அதுதான் தொழில். மாணிக்கக் கல்லுகளைப் பத்திப் பேசுங்க எண்டு கேட்டாங்க, ஆனா பத்து நிமிஷத்தில எல்லாக் கல்லையும் தொட்டுட்டுப் போனா கேக்கிறவங்களுக்கு ஒண்டும் மனசில நிக்காது, அதனால ஒரே ஒரு கல்லைப் பத்தித்தான் பேசப் போறேன். ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் மஞ்சள், ரெண்டும் ஒரே கல்லு, நிறத்தைக் கூட்ட அடுப்பில வச்சுச் சூடு காட்டாதது, மண்ணுக்குள்ள எப்படி இருந்திச்சோ அதே நிறத்தோட இருக்கிறது.

இந்தியாவில இருந்து வாற வியாபாரிமார் இதைப் பீதாம்பரி நீலம் எண்டு கேட்டு வாங்குவாங்க. பீதாம்பரம் எண்டா மஞ்சள் பட்டு, நீல மேனியில மஞ்சள் பட்டு உடுத்தின மாதிரி எண்டு வச்ச பேரு. சனிக்கு நீலம், வியாழனுக்குப் புஷ்பராகம் எண்ட மஞ்சள் கல்லு, ரெண்டும் ஒண்டா இருக்கிற கல்லு எண்டு அவங்கட நம்பிக்கை. அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்துப் பக்கம் எடுக்கிற கல்லுகள்ல நீலம், பச்சை, மஞ்சள் கலந்து வரும், அதுக்கு அங்க பார்ட்டி சஃபயர் எண்டு பேரு. அது எரிமலைப் பாறையோட மேல வந்த கல்லு, அதில இரும்பு அதிகம், நிறம் கொஞ்சம் கருமையா இருக்கும். எங்கட கல்லு அப்படியில்ல, வெளிச்சம் உள்ளுக்குப் போய்த் திரும்பி வரும்.

நீலமும் புஷ்பராகமும் வேற வேற கல்லு எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, இல்ல, ரெண்டும் குருந்தம் எண்ட ஒரே கனிமம்தான். உலகம் முழுக்க இப்ப கொரண்டம் எண்டு சொல்ற சொல்லே எங்கட தமிழ்க் குருந்தத்தில இருந்து போனது. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கும். அதுக்குள்ள இரும்பும் டைட்டானியமும் சோடியாச் சேர்ந்தா நீலம். மக்னீசியம் இருந்தா அது டைட்டானியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், நீலம் வர விடாது, மக்னீசியம் அதையும் விடக் கூடிச்செண்டா இரும்போட சேர்ந்து பொன் மஞ்சள் வரும். டைட்டானியமும் மக்னீசியமும் பத்து லட்சத்தில சில பத்துப் பங்கு எண்ட அளவுதான், அவ்வளவு நுணுக்கம். கல்லு வளர்ற காலத்தில ஒரு கட்டத்தில டைட்டானியம் கை ஓங்கியிருக்கு, இன்னொரு கட்டத்தில மக்னீசியம் கை ஓங்கியிருக்கு, அந்தக் கணக்கு மாறின இடம்தான் நாங்க பாக்கிற கோடு. சில கல்லுல ரெண்டும் சரிசமமா நிண்ட இடத்தில நடுவால மெல்லிசா ஒரு வெள்ளைப் பட்டி போகும், எனக்கு அதைப் பாத்தாச் சொல்ல ஏலாத ஒரு சந்தோசம்.

வாப்பா வெட்டின காலத்தில மோட்டர் இல்ல, ஹனபோருவ எண்டு சிங்களத்தில சொல்ற பழைய வில்லுப் பட்டறைதான், வலது கையால வில்லை இழுத்துத் தட்டைச் சுத்த வைக்கணும், இடது கையால கல்லைப் பிடிச்சு அமத்தணும், கோணம் பாக்க ஒரு கருவியும் இல்ல, விரல்தான் கோணம். அந்தக் கையில அவர் செஞ்ச வேலை எனக்கு இண்டைக்கும் மெஷினில வராது. இலங்கைக் கல்லுல நிறம் ஒரு மூலையில மட்டும் சின்னதா ஒதுங்கிக் கிடக்கும், அந்த இடத்தைக் கல்லுட அடி முனைக்குக் கொண்டு போய் வெட்டினா மேல இருந்து பாக்கக்க முழுக் கல்லும் நீலமாத் தெரியும், பக்கவாட்டில பாத்தா முக்காவாசி வெள்ளை. இது எங்கட ஊர்ல தலைமுறை தலைமுறையா வாற வித்தை. ஆனா நீலத்தோட மஞ்சளும் நல்லாப் பிடிச்சிருந்தா அந்த வித்தை சரிவராது, கலந்து பச்சையாப் போயிரும், அதனால ஒண்டு அறுத்து ரெண்டு கல்லாக்கணும், இல்லாட்டிச் சின்னப் பக்கத்தைத் தேய்ச்சுத் தள்ளணும். ஒரு நிறக் கல்லுக்குத்தான் சல்லி, ரெண்டு நிறம் குறை எண்டுதான் அந்தக் காலத்தில எண்ணினாங்க. நானும் அப்படித் தேய்ச்சுத் தள்ளியிருக்கேன், இப்ப நினைச்சா நெஞ்சு வலிக்குது.

அப்புறம் ஒரு நாள் என்ட கைக்கு 9 கரட் சொச்சத்தில ஒரு வெட்டாத கல்லு வந்திச்சு. ரெண்டு பக்கமும் கூரா, நடுவில தடிச்சு, ஒரு நுனி நீலம், மற்ற நுனி தேன் மஞ்சள். வெள்ளைக் கிளாஸில தண்ணி ஊத்தி அதுக்குள்ள போட்டுப் பாத்தேன், தண்ணிக்குள்ள மேல்பரப்புப் பளபளப்பு அடங்கிரும், உள்ள இருக்கிற நிறம் மட்டும் தெரியும். கோடு கத்தியால வெட்டின மாதிரி இருந்திச்சு. இதைத் தேய்க்க மனசு வரல்ல, மூணு நாள் காலைல காலைல எடுத்து வெளிச்சத்தில பாத்துப் பாத்துத் திரும்ப மடிச்சு வச்சேன்.

ஏன் மூணு நாள் எண்டு கேப்பீங்க. நீலக்கல்லுக்கு ஒரு குணம் இருக்கு, நிக்கிற கல்லை நுனிப் பக்கமாப் பாத்தா நல்ல ஊதா கலந்த நீலம், பக்கவாட்டாப் பாத்தா கொஞ்சம் பச்சை அடிக்கும். அதனால எந்தக் கல்லு வெட்டுறவனும் மேல் தட்டை, அதாவது டேபிளை, நுனிப் பக்கமா வைக்கத்தான் பாப்பான். ஆனா இந்தக் கல்லுல நிறம் மாறுறதே நுனியில இருந்து நுனிக்கு, அப்படி வச்சா ஒரு நிறத்துக்கு மேல மற்ற நிறம் ஏறிக் குந்திரும், ரெண்டும் தெரியாது. பக்கவாட்டா வச்சா ரெண்டு நிறமும் பக்கத்தில பக்கத்தில தெரியும், நீலத்துட அந்த அழகில கொஞ்சம் போயிரும். எதை விடுறது? நான் கோட்டைக் காப்பாத்துறது எண்டு முடிவெடுத்தேன்.

அடுத்தது வடிவம். வட்டமா, நூறு பட்டையோட மின்னுற மாதிரி வெட்டினா வெளிச்சம் ஒரு பக்கத்தால இறங்கி அடியில பட்டு எதிர்ப் பக்கத்தால ஏறும், நீலத்தில நுழைஞ்சு மஞ்சள்ல வெளிய வரும், பாக்கிறவன் கண்ணுக்குப் பச்சை. அதனால நீளச் சதுரமா, படிக்கட்டு மாதிரிப் பட்டை வச்சு வெட்டினேன், கோடு குறுக்கால போற மாதிரி. நீளப் பக்கத்துப் பட்டைகள் வெளிச்சத்தை அகலத்தில தான் தள்ளும், நீலத்தில நுழைஞ்சது நீலத்துக்குள்ளயே திரும்பும், மஞ்சளும் அப்படித்தான். ரெண்டு தலைப்புப் பட்டைகள்தான் கலக்கிறது, அதுகளைச் சின்னதா வச்சேன். அடிப்பக்கப் பட்டைகளுட சரிவை 40 பாகைக்குக் கீழ இறக்கல்ல, ரொம்பத் தட்டையாப் போனா வெளிச்சம் திரும்பாம அடியால ஓடிரும், நடுவில ஜன்னல் மாதிரி ஓட்டையாத் தெரியும், எடை மிச்சம் பிடிக்கப் போய் நிறையப் பேர் அந்தப் பிழையைத்தான் விடுறாங்க. கோடும் சரி நடுவில வரல்ல, வேணுமெண்டேதான் விட்டேன், நீலம் பலமான நிறம், பாதிக்குப் பாதி வச்சா மஞ்சளை முழுங்கிரும்.

இனிச் சூட்டுக் கதை. 1970கள்ல தாய்லாந்துக்காரங்க எங்கட ஊருக்கு வந்து கெவுடா எண்டு சொல்ற பால் மாதிரிக் கலங்கின கல்லுகளை மலிவா அள்ளிட்டுப் போனாங்க, அங்க அடுப்பில பெரிய சூட்டில வச்சா நல்ல நீலம். எங்கட ஆக்கள் அதைக் கூழாங்கல் மாதிரித் தோட்டத்தில போட்டிருந்த காலம் அது. இப்ப சந்தையில வாற நீலக்கல்லுல பெரும்பாலானது சூடு காட்டினதுதான், சொல்லி வித்தா அதில தப்பே இல்ல. ஆனா இந்த ரெண்டு நிறக் கல்லுக்குச் சூடு ஆகாது. உள்ள பட்டு நூல் மாதிரி இருக்கிற மெல்லிய ஊசிகள் கரைஞ்சிரும், அந்தக் கத்திக் கோடு மங்கி, மை ஊறின மாதிரிப் பரவிரும். கோடு போனா இந்தக் கல்லுல என்ன மிச்சம்? 2000களின் தொடக்கத்தில பெரிலியம் போட்டுச் சுடுற முறையும் வந்திச்சு, அதில மஞ்சள் நிறத்தையே ஏத்த ஏலும், அதைக் கண்ணால பிடிக்க ஏலாது, நல்ல லேப் ஒண்டுட சேர்டிபிகேட் இல்லாம சூடு காட்டாத கல்லு எண்டு யாரு சொன்னாலும் அந்த விலையைக் குடுத்திராதீங்க, நான் சொன்னாலும் சரி.

ரெண்டு விசயம் மட்டும் நீங்களே பாக்கலாம். தண்ணிக்குள்ள போட்டுப் பக்கவாட்டாப் பாருங்க, நிறக் கோடுகள் நேராவோ மூலை மடிஞ்சோ போகணும், இசைத்தட்டுக் கோடு மாதிரி வளைஞ்சு போனா அது 1902இல வெர்னாய் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன முறையில உருக்கிச் செஞ்ச கல்லு. நிறம் மாறுற இடத்தில சின்னக் குமிழிகள் ஒரே மட்டத்தில பரவி இருந்தா அது ரெண்டு துண்டை ஒட்டினது.

9 கரட் கல்லு வெட்டி முடியக்க 3 கரட்டுக்குக் கொஞ்சம் மேல நிண்டிச்சு. வாப்பாவுக்கு அப்ப கண் மங்கல், வெட்டுறதை விட்டு வருசக் கணக்கு. காலைல வெராண்டாவில குந்திட்டிருந்தவர் கையில கொண்டு போய்க் குடுத்தேன். ரெண்டு விரலால பிடிச்சு வானத்துப் பக்கம் தூக்கிப் பாத்தாரு, திருப்பினாரு, திரும்பவும் பாத்தாரு. எவ்வளவு போச்சு எண்டு கேட்டாரு. 6 கரட் எண்டேன். பழைய ஆள் எண்டா ஏசியிருக்கணும். ஒண்டும் சொல்லல்ல, கல்லையும் திருப்பித் தரல்ல, டீ ஆறிப் போற வரைக்கும் அதை வெளிச்சத்துக்குப் பிடிச்சிட்டே இருந்தாரு.