ஏழு மாடி ஏறி வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் சிகிச்சை அறை ஏழாவது மாடியில் இருக்கிறது. ஒரு நாள் ஒருவர் மூச்சு வாங்க, சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்து, என் முன்னால் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் பழுதா என்று கேட்டேன். "அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன் டாக்டர்" என்றார். பதினோரு ஆண்டுகளாக அவர் லிஃப்டில் கால் வைத்ததில்லை. அலுவலகம் உயரமான மாடியில் என்பதற்காகவே ஒரு நல்ல வேலையை வேண்டாம் என்றிருக்கிறார். மனைவிக்குக்கூட உண்மைக் காரணம் தெரியாது. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இருக்கும் ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் பயத்தை ஃபோபியா என்கிறோம். லிஃப்ட் தன்னை விழுங்கிவிடாது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இப்படிப்பட்டவரிடம், "இதற்குப் போயா பயப்படுகிறாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பயம் குறையாது, வெட்கம்தான் கூடும்.

இந்தப் பயத்துக்குத் தீனி போடுவது விலகி ஓடுவதுதான். படிக்கட்டுப் பக்கம் திரும்பிய நொடியிலேயே ஒரு நிம்மதி வருகிறது. 'நல்லவேளை, தப்பித்தோம்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பு அன்றும் கைநழுவிவிடுகிறது.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பியதைச் சாப்பிடும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் முயல் தன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு அவன் அனுமதித்தான். இன்று நாங்கள் செய்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் நாங்கள் இருவரும் மூடிய லிஃப்ட் கதவுக்கு எதிரே வெறுமனே நின்றோம். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்றேன். எழுபது என்றார். அது நாற்பதுக்கு இறங்கும்வரை நகரவில்லை. அடுத்த வாரம் உள்ளே போனோம். அவர் கட்டைவிரல் கதவைத் திறந்து வைக்கும் பொத்தானிலேயே இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். அன்று அதை எடுக்கச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் கேட்டேன்: "விரலை எடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" "கதவு திறக்காது. மூச்சு முட்டிப் போய்விடுவேன்." பிறகு அவரே எடுத்தார். கதவு மூடியது. ஒரே ஒரு மாடி ஏறியது. திறந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று உடம்பு நேரில் கண்டுகொள்ளும் அந்தத் திகைப்புக்காகத்தான் இத்தனை வாரம் காத்திருந்தேன்.

பயந்தவரைப் பிடித்துத் தள்ளுவது சிகிச்சை ஆகாது. எந்தப் படி, எப்போது என்பதை அவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குபவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பயிற்சி தேவை. மற்ற ஃபோபியாக்களில் இரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கோ ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கி, பிறகு தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறோம். தசையை இறுக்கும்போது அழுத்தம் உயர்கிறது, மயக்கம் தடைபடுகிறது.

பழைய பயம் அடியோடு அழிவதில்லை. புதிய அனுபவம் அதன்மேல் வலுப்பெறுகிறது. அதனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு பயம் எட்டிப் பார்க்கலாம். அப்படி வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பழகிய படிகளில் மீண்டும் நடந்தால் போதும். பெரும்பாலும் முதல் முறையைவிட விரைவாகவே குறையும்.

அந்த நண்பர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். லிஃப்டில்தான். சில நாள் கை வியர்க்கிறது என்கிறார். வியர்த்த கையோடுதான் ஏழாம் எண்ணை அழுத்துகிறார்.

நன்றி, வணக்கம்.