பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் பானட் திறந்து நிற்கும் இந்தக் கார் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவுடையது. 2012 மாடல், பெட்ரோல், நான்கு சிலிண்டர். செக் இன்ஜின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. மைலேஜ் இறங்கிவிட்டது. ஸ்கேனரில் பி0171 என்ற கோடு (code, கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது. கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். கோடைப் படித்த கையோடு, சைலன்சர் குழாயில் புகையின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் போனது. சில நாட்களில் அதே விளக்கு, அதே கோடு.

இந்தக் கதையை நான் அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. லீன் என்று சொன்னதே அந்தச் சென்சார்தான். அதைக் கழற்றி எறிவது, புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து லாக்கப்பில் போடுவது போன்றது. சென்சாரின் மின்சுற்றிலேயே கோளாறு என்றால் அதற்கென்று தனிக் கோடுகள் இருக்கின்றன. பி0130 முதல் பி0135 வரை வருபவை முன் சென்சாரைப் பற்றியவை. பி0133 என்றால் சென்சார் மந்தமாகிவிட்டது. பி0135 என்றால் அதன் ஹீட்டர் சுற்றில் பிரச்சினை. பி0171 இவற்றில் சேராது.

சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்களைப் புரிந்துகொள்ள அது தேவை. இந்த வயதுள்ள பெரும்பாலான கார்களில் இருப்பது ஜிர்கோனியா வகை. 1976-இல் பாஷ் நிறுவனம் வோல்வோ காருக்காகத் தயாரிப்புக்குக் கொண்டுவந்த அதே அடிப்படைதான் இன்றும். உள்ளே ஒரு பீங்கான் விரல். அதன் வெளிப்புறம் புகைக்காற்று, உட்புறம் நாம் சுவாசிக்கும் காற்று. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபடும்போது சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால் 0.9 வோல்ட் அருகே, நிறைய இருந்தால் 0.1 வோல்ட் அருகே. நடுக்கோடு 0.45. சுமார் 300 டிகிரி சூடு வந்த பிறகுதான் இது பேச ஆரம்பிக்கும், அதற்காகத்தான் உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், இந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. இன்றைக்கு இந்தக் காரின் கதை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

சரி, ஸ்கேனரை மாட்டுகிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீயரிங் பக்கத்தில் 16 பின் சாக்கெட். கைப்பேசியோடு இணையும் விலை குறைந்த புளூடூத் கருவியே போதும். 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி வந்தபோதுதான் ஓ.பி.டி., அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டு கோடாகப் பதிந்துவைக்கும் ஏற்பாடு, நம் ஊரில் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களில் சாக்கெட் இருந்தாலும் பொதுவான கருவியோடு பேசாது, அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வேண்டும்.

கோடைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். லைவ் டேட்டாவுக்குப் போங்கள். ஃபியூயல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். சென்சார் லீன் என்று சொன்னால் இ.சி.யூ., அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, பெட்ரோலைக் கூட்டுகிறது. எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்பதுதான் இந்த எண். ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி மாறும். லாங் டெர்ம் என்பது கற்றுக்கொண்டு நினைவில் வைத்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் குறியோ கழித்தல் குறியோ, 10-க்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 20, 25 என்று ஏறினால் விளக்கு எரிகிறது.

இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, லாங் டெர்ம் பிளஸ் 16, ஷார்ட் டெர்ம் பிளஸ் 8. மொத்தம் 24. வழக்கத்தைவிடக் கால்வாசி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றி 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கிறேன். லாங் டெர்ம் 6, ஷார்ட் டெர்ம் 1. பார்த்தீர்களா? வேகம் ஏற ஏற நோய் மறைகிறது.

இது பெரிய துப்பு. ஃபியூயல் பம்ப் பலவீனமாகி இருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ கதை தலைகீழாக இருக்கும். ஐடிலில் பெட்ரோல் தேவை குறைவு என்பதால் சமாளித்துவிடும், வேகத்திலும் மேட்டிலும்தான் ட்ரிம் ஏறும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அடைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஏறியே இருக்கும். ஐடிலில் மட்டும் அதிகம் என்றால் எங்கோ ஓட்டை, வழி தவறிய காற்று. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஒரு சிறு ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகத்தில் அது கரைந்துபோகும்.

பல வீடியோக்களில் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, வேக்யூம் லீக், ஹோஸை மாற்றுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த அறிவுரை பெரும்பாலும், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கானது. அங்கே சென்சாரைத் தாண்டி நுழையும் காற்றை இ.சி.யூ. எண்ணவே இல்லை, அதனால் கலவை லீனாகிறது. நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை வேறு வகை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் படிக்கும் மேப் சென்சார் இருப்பவை. அதில் ஹோஸ் கிழிந்து காற்று நுழைந்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும், மேப் சென்சார் அதைப் பார்க்கும், இ.சி.யூ. அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். விளைவு, ஐடில் ஏறும் அல்லது ஏறி ஏறி இறங்கும், ட்ரிம் அவ்வளவாக ஏறாது. இந்தக் காரில் மேப் சென்சார்தான். ஐடில் எவ்வளவு? 780. ஆடாமல் நிற்கிறது. இருந்தாலும் ஹோஸ்கள், த்ராட்டில் பாடி கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் எல்லாவற்றையும் புகை விட்டுப் பார்த்துவிட்டேன். எங்கும் கசிவு இல்லை. கார்ப் கிளீனர் அடித்துத் தேடும் பழக்கம் உள்ளவர்கள், சூடான சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

அடுத்து சென்சாரையே விசாரித்துவிடலாம், புதிதாகப் போட்டதாயிற்றே. நான்கு வயர்கள். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. பாஷ், என்.டி.கே. சென்சார்களில் பொதுவாக வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். வயரைக் குத்திக் கிழிக்காமல் கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி மல்டிமீட்டரை வைத்திருக்கிறேன். இப்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கிறேன். 0.86. காலை எடுக்கிறேன், பெட்ரோல் வெட்டப்படுகிறது. 0.05. தயங்காமல் போய் வருகிறது. இந்தச் சென்சார் ஆரோக்கியமாக இருக்கிறது. பழையதும் நன்றாகவே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஐடிலில் சென்சார் 0.1-க்கும் 0.8-க்கும் நடுவில் அழகாக ஆடுகிறது. வோல்டேஜை மட்டும் பார்ப்பவர் கார் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இ.சி.யூ. 24 சதவீதம் கூடுதலாக ஊற்றி அந்த ஆட்டத்தை வரவழைத்திருக்கிறது. ட்ரிம் எல்லைக்குள் இருக்கும்வரை வோல்டேஜ் நோயைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் ட்ரிம்மைப் பாருங்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுவது. இதற்கு ஸ்கேனர் வேண்டாம், ஒரு ப்ளக் ஸ்பேனர் போதும். உண்மையிலேயே லீனாக ஓடும் இன்ஜினில் ப்ளக் முனை வெளுத்திருக்கும். இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். கறுப்பு. நான்கும் கரி படிந்து கறுப்பாக இருக்கின்றன. சென்சார் லீன் என்கிறது, ப்ளக் ரிச் என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகம். சிலிண்டரை விட்டு வெளியே வந்து சென்சாரை அடைவதற்குள் எங்கிருந்தோ வெளிக்காற்று கலந்துவிடுகிறது. மைலேஜ் இறங்கியதற்குக் காரணமும் இதுதான்.

சைலன்சர் பக்கம் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. புகை ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அந்த அலை கடந்துபோன பின்னால் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கிவிடும். அந்தக் கணத்தில் ஓட்டை உறிஞ்சுகிறது. ஐடிலில் அலைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், புகையும் குறைவு. 2500-இல் அலைகள் நெருங்கிவிடுகின்றன, புகையின் அளவும் பெருகிவிடுகிறது. எண்கள் ஏன் அப்படி வந்தன என்பது இப்போது பொருந்துகிறதா?

மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினிலும் இதே ஏமாற்று நடக்கும். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அதன் ஆக்சிஜன் அப்படியே வெளியே வந்து சென்சாரைத் தொடும். பெட்ரோலும் கூடவே எரியாமல் வருகிறது, ஆனால் சென்சார் முதலில் பார்ப்பது ஆக்சிஜனைத்தான். இந்தக் காரில் மிஸ்ஸிங் இல்லை.

அக்காவிடம் கேட்டேன், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று. வருகிறது, கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும் என்றார். டேப்பெட் சத்தம் என்று யாரோ சொன்னார்களாம். குளிர்ந்திருக்கும்போது வந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் மறையும் டிக் சத்தம் என்றால் சைலன்சர் பக்க மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பகுதியில், கசிவைச் சந்தேகியுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வாக்குவம் கிளீனரைக் காற்று ஊதும் பக்கமாக மாற்றி, சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகுங்கள். ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் அடிக்கிறேன். முதல் சிலிண்டர், ஒன்றுமில்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது... இதோ, இதோ! நுரை பொங்குகிறது பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் கீழ் ஓரம். கரிக்கோடு கூட விழுந்திருக்கிறது.

நட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன், பழைய காரில் அவசரப்பட்டால் ஸ்டட் முறிந்துவிடும். மேனிஃபோல்டைக் கழற்றி, முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தேன். சமமாக இருக்கிறது. புதிய கேஸ்கெட், நடுவிலிருந்து இரு பக்கமும் படிப்படியாக முறுக்கு. இங்கே சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள். அதன் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து, நல்ல சென்சாரையும் கொன்றுவிடும். சென்சார் வயரைச் சால்டர் செய்வதும், கனெக்டரில் கிரீஸ் தடவுவதும் வேண்டாம். பல சென்சார்களில் உட்புறக் காற்று வயரின் இழைகள் வழியாகத்தான் போகிறது. அது அடைபட்டால் ஒப்பிட்டுப் பார்க்கக் காற்றே இருக்காது.

கோடை அழித்து, அக்காவே ஓட்டி வந்த பிறகு மறுபடி பார்க்கிறேன். ஐடிலில் மொத்தம் பிளஸ் 5. 2500-இலும் 5. டிக் சத்தம் இல்லை.

ஏன் பூஜ்ஜியம் வரவில்லை? இது கோளாறு அல்ல. வெறும் பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று. 10 சதவீத எத்தனால் கலந்தால் 14.1 அளவில், 20 சதவீதம் என்றால் 13.5 அளவில். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் தொடங்கிய 20 சதவீதக் கலவைதான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. பழைய அளவீட்டில் செய்யப்பட்ட இ.சி.யூ. அதை லீன் என்று படித்து, பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும். 4 முதல் 8 வரை, ஐடிலிலும் வேகத்திலும் ஒரே அளவாக இருந்தால் அது எரிபொருளின் கணக்கு. ஆனால் ஏற்கெனவே ஒரு சிறு கசிவு இருக்கும் காரில், இந்தக் கூடுதலும் சேர்ந்துதான் எல்லையைத் தாண்டி விளக்கை எரிய வைக்கிறது. பெட்ரோல் மாறியதும் விளக்கு வந்தது என்று சொல்பவர்கள் கசிவையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உங்கள் காரில் பி0171 இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஐடிலில் இரண்டு ட்ரிம்களும் எவ்வளவு, 2500-இல் எவ்வளவு, மேப் சென்சாரா ஏர்ஃப்ளோ சென்சாரா, ப்ளக் என்ன நிறம். இந்த நான்கும் இருந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று என்னால் சொல்ல முடியும். அடுத்த வீடியோவில் ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டி, வேகத்தில் மட்டும் லீனாகும் ஒரு காரைப் பார்க்கலாம்.