நேற்று வந்த பிளேயர் டேட்டா இன்று ஏன் வரவில்லை?

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து. "அண்ணா, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் மொபைல் கேமின் பிளேயர் டேட்டா எடுக்க கிளாஷ்ஆஃப்கிளான்ஸ் டாட் ஜேஎஸ் லைப்ரரி போட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி வரை நன்றாக வந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து 403 எரர். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. லைப்ரரி கெட்டுப்போச்சா?"

தம்பி, கரண்ட் போனதையும் சேர்த்து எழுதினீர்கள் பாருங்கள், பாதி விடை அதில்தான் இருக்கிறது. லைப்ரரி நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டேட்டஸ் கோடு வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: 403 என்றால் சர்வர் ஓடுகிறது, நீங்கள் கேட்டது அதற்குப் புரிந்தும் விட்டது, ஆனால் தர மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று கூடவே ஒரு ரீசனும் வரும். உங்களுக்கு அதில் இன்வேலிட் ஐபி என்று இருக்கும், பாருங்கள். ஐபி என்றால் இணையத்தில் உங்கள் கனெக்‌ஷனுக்கு உள்ள முகவரி.

டேட்டா கேட்பவருக்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு கீயை, இந்த கேமின் கம்பெனியான சூப்பர்செல் தருகிறது. அதை எந்த ஐபி முகவரிக்கு வாங்கினோமோ அங்கிருந்து மட்டும்தான் பயன்படுத்த முடியும். ஹார்பர் கேட்டில் லாரி நம்பர் எழுதிய பாஸை வேறு லாரியில் வைத்து நீட்டினால் உள்ளே விடுவார்களா? கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்தது, திரும்ப வந்தபோது புது ஐபி கிடைத்துவிட்டது. கீ பழைய ஐபிக்கு வாங்கியது.

கீயைக் கையால் ஒட்டாமல், டெவலப்பர் கணக்கின் மெயில் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்யுங்கள். இப்போதைய ஐபிக்குப் பொருந்தும் கீ இருக்கிறதா என்று லைப்ரரியே பார்க்கும், இல்லையென்றால் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பாஸ்வேர்டை கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள், ரகசியங்களைக் கோடிலிருந்து பிரித்து வைக்கும் என்வ் ஃபைலில் வையுங்கள்.

நான் எப்போதும் சொல்வதுதான்: இந்த லைப்ரரி ஒரு ரேப்பர், அதாவது சூப்பர்செல்லின் ஏபிஐக்கு (நம் புரோகிராம் டேட்டா கேட்கும் வாசல்) மேலே சுற்றிய உறை. ரேப்பரிடம் டேட்டா கிடையாது. நமக்காகப் போய்க் கேட்டு வாங்கி வருகிறது, அவ்வளவுதான். என்ன கேட்கிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள். பிளேயரின் அடையாள எண் மாதிரி இருக்கும் டேக், ஹேஷ் (#) குறியில் தொடங்கும், இல்லையா? அதை அப்படியே யூஆர்எல்லில் போட்டால் ஹேஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது. அதனால்தான் ஹேஷை எடுத்துவிட்டு சதவீதக் குறியும் 23-உம் போட வேண்டும். கெட்பிளேயர் என்று ஒரு வரி எழுதும்போது லைப்ரரி அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. டேகில் ஆங்கில ஓ எழுத்து வராது, பூஜ்யம்தான் வரும். யாராவது ஓ என்று அடித்தாலும் லைப்ரரி மாற்றிக்கொள்கிறது. இதையெல்லாம் ஒரு முறை லைப்ரரி இல்லாமல், ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் வெறும் ஃபெட்சில் எழுதிப் பாருங்கள். அப்புறம் எந்த எரர் வந்தாலும் பயம் இருக்காது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எடுத்த டேட்டாவை என்ன செய்யப் போகிறீர்கள்? தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் கேமில் ஒரு கிளான், அதாவது குழு, வைத்திருக்கிறார்கள். லீடர் ஐடிஐ படிக்கிற பையன். யார் எத்தனை ட்ரூப் (படைவீரர்) மற்றவர்களுக்கு டொனேட் செய்தார்கள், எத்தனை வாங்கினார்கள் என்று பேர் வாரியாக நோட்டில் கோடு போட்டு எழுதுவான். வாங்கிக்கொண்டே இருந்து கொடுக்காதவனைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது. ஏபிஐ இருக்கும்போது எதற்குப்பா நோட்டு என்று கேட்டேன். "அண்ணா, புது சீசன் வந்தால் கேமில் எல்லாம் பூஜ்யமாகிடும், நோட்டில் ஆகாது" என்றான். எவ்வளவு சரியான பதில்! ஏபிஐ தருகிற டொனேஷன் கணக்கும் நடப்பு சீசனுக்கு மட்டும்தான். போன மாதக் கணக்கைக் கேட்டால் அதனிடம் இருக்காது.

அதனால் தம்பி, 403 சரியானதும் அடுத்த வேலை இதுதான். தினமும் ராத்திரி ஒரு தடவை எல்லா மெம்பர் டேட்டாவையும் எடுத்து, தேதி போட்டு ஒரு ஜேசன் ஃபைலில் சேமியுங்கள். டேட்டாபேஸ் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு சீசன் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், அதை வைத்து சார்ட் போடுவதை ஒரு தனி வீடியோவாகவே செய்கிறேன்.