ஆம்புலன்ஸ் ஓட்டுனவங்க ஆரம்பிச்ச ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச்

(பினாங்கு ஜார்ஜ்டவுன்ல பெற்றோர் கூட்டம் ஒன்னுல பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம், பசியாறியாச்சா? ஞாயித்துக்கிழமை காலையில ஜார்ஜ்டவுனுக்குள்ள பார்க்கிங் தேடி அலைஞ்சு இவ்ளோ பேரு வந்திருக்கீங்க, அதுக்கே முதல்ல நன்றி. இங்க இருக்கிறவங்கள்ல நிறைய பேரோட பிள்ளைங்க ஃபாரம் ஃபோர்ல, அதான் பதினாறு வயசு வகுப்புல, இருக்குன்னு தெரியுது, ஏன்னா கதவுகிட்டயே மூணு அம்மாமார் என்னைப் பிடிச்சு "எவ்ளோ காசு ஆகும் சார், ஸ்காலர்ஷிப் இருக்கா, எஸ்பிஎம் பரீட்சை என்னாகும்"னு கேட்டுட்டாங்க. அதுக்கெல்லாம் கடைசியில வரலாம். முதல்ல பிள்ளைங்கள வெளிநாட்டுக் குடும்பத்தோட தங்கிப் படிக்க அனுப்பற இந்த ஏஎஃப்எஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கதை தெரிஞ்சாத்தான் நீங்க கேக்காத ஒரு கேள்விய நான் உங்ககிட்ட கேக்க முடியும்.

ஏஎஃப்எஸ்ஸுன்னா அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ். பேர்ல ஸ்கூலும் இல்ல, ஸ்டூடண்டும் இல்ல பாருங்க. 1914ல முதல் உலகப்போர் ஆரம்பிச்சப்போ பாரிஸுக்குப் பக்கத்துல நியூயிங்கிற இடத்துல அமெரிக்கன் ஆஸ்பத்திரி ஒன்னு இருந்துச்சு, அங்க அடிபட்ட சோல்ஜருங்கள ஏத்திட்டு வர வண்டி ஓட்ட அமெரிக்காவுலேருந்து ஆளுங்க சொந்த விருப்பத்துல வந்தாங்க, அப்போ அமெரிக்கா போர்லயே இல்ல, 1917லதான் உள்ள வருது. அப்படி வந்தவர்தான் ஏ. பியாட் ஆண்ட்ரூ. ஹார்வர்ட்ல எகனாமிக்ஸ் சொல்லிக்குடுத்தவர், அமெரிக்க நாணயச் சாலைக்கு டைரக்டரா இருந்தவர், நிதித்துறையில உதவிச் செயலாளரா இருந்தவர், அப்படிப்பட்டவர் நாப்பது வயசுக்கு மேல பிரான்ஸ்ல டன்கர்க் பக்கம் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். நம்ம ஊர்ல டத்தோ பட்டம் வாங்கின ஒரு பெரிய மனுஷர அப்படிக் கற்பனை பண்ணிப் பாருங்க.

அவருக்கு ஒரு கவலை. பிரெஞ்சு ராணுவம் இவங்கள போர்முனைக்குப் பக்கத்துல விடல, நடுநிலை நாட்டுக்காரன், வேவு பார்ப்பானோன்னு பயம். ரயிலடியில வந்து எறங்குற ஆளுங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதான் வேலை, ஆனா நிறைய பேர் அங்க வந்து சேர்றதுக்குள்ளயே செத்துப்போறான். ஆண்ட்ரூ விடாம பேசிப் பேசி 1915 ஏப்ரல்ல பிரெஞ்சு ராணுவத்தோட ஒப்பந்தம் போட்டு வண்டிங்கள முன்வரிசைக்கே கொண்டு போனார். பெரும்பாலும் ஃபோர்ட் மாடல் டி கார்தான், பின்னால மரப்பெட்டி அடிச்சது, மூணு பேரைப் படுக்க வச்சா அதோட சரி. ஆனா வெயிட் கம்மி, அதனால வோஜ் மலையில, கழுதையில கட்டி ஆள எறக்கிட்டிருந்த பாதையில எல்லாம் அந்த வண்டி ஏறிடுச்சு. ஓட்டுனவங்கள்ல பெரும்பாலும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன்னு யூனிவர்சிட்டி பசங்க. கிட்டத்தட்ட 2,500 பேர் போனாங்க, 127 பேர் திரும்பல.

இடைப்பட்ட காலத்த வேகமா தாண்டிடறேன். 1919லேருந்து பிரெஞ்சு யூனிவர்சிட்டிகளுக்கு ஃபெலோஷிப் குடுத்தாங்க, பட்டதாரிகளுக்கு மட்டும், மொத்தமே இருநூத்திச் சொச்சம் பேர்தான் அதுல போனாங்க. நல்ல காரியம்தான், ஆனா சின்ன வட்டம், படிச்சவங்க படிச்சவங்கள அனுப்பிக்கிட்டது. 1936ல ஆண்ட்ரூ இறந்துட்டார், அவர் கூட முதல் போர்லயே இருந்த ஸ்டீஃபன் கலாட்டி பொறுப்புக்கு வந்தார். 1939ல திரும்பவும் போர், திரும்பவும் ஆம்புலன்ஸ்.

இந்த ரெண்டாவது போர் நமக்குக் கிட்ட வருது. வட ஆப்பிரிக்காவுல எல் அலமெய்ன், இத்தாலியில மோன்ட்டே கசினோன்னு ஓட்டுனவங்க, இந்தியா பர்மா எல்லைக்கும் வந்தாங்க, 1944ல இம்பால் சண்டையில அடிபட்ட பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துக்காரங்களத் தூக்கிட்டுப் போனது இவங்க வண்டிங்களும்தான். அதே இம்பால் பக்கம் எதிர்ல நின்னது யாரு? ஜப்பான்காரனோட சேர்ந்து வந்த நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதுல நம்ம மலாயா எஸ்டேட்லேருந்து ரப்பர் மரத்த விட்டுட்டுப் போன தமிழங்க எவ்ளோ பேரு. இந்தப் பக்கம் ஜப்பான்காரன் சயாம் பர்மா ரயில் பாதை போட நம்ம ஆளுங்கள இழுத்துட்டுப் போனது வேற கதை. இங்க இருக்கிற பாதிப் பேர் வீட்டுல தாத்தாவோ தாத்தாவோட அண்ணனோ அந்த ரெண்டுல ஒன்னுல இருந்திருப்பார். வரலாறு புக்குல இந்த ஏஎஃப்எஸ் டிரைவருங்களும் நம்ம தாத்தாமாரும் சந்திச்சதே இல்ல, ஒரே மழையில நனைஞ்சிருக்காங்க, அவ்ளோதான்.

1945 ஏப்ரல்ல ஜெர்மனியில பெர்கன் பெல்சன்ங்கிற நாஜி வதைமுகாம் விடுபட்டப்போ அங்கேருந்து ஆளுங்கள வெளிய கொண்டு வந்ததுலயும் ஏஎஃப்எஸ் டிரைவருங்க இருந்தாங்க. அதப்பத்தி நான் விவரமா சொல்லப் போறதில்ல, பிள்ளைங்க உக்காந்திருக்கு. ஆனா இப்படிப் போர நேர்ல பாத்தவங்கதான் அடுத்த வருஷம், 1946ல, நியூயார்க்ல கூடி இனிமே நாம என்ன பண்றதுன்னு பேசினாங்க. சங்கத்த இழுத்து மூடிட்டு வருஷம் ஒரு தடவை டின்னர் சாப்பிட்டுக் கலைஞ்சு போயிருக்கலாம், நிறைய பழைய பட்டாளத்து சங்கங்க அப்படித்தான் ஆச்சு. இவங்க போட்ட திட்டம் வேற: உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைங்கள ஒரு நாட்டுலேருந்து எடுத்து இன்னொரு நாட்டுல ஒரு குடும்பத்துக்குள்ள ஒரு வருஷம் விடறது.

குடும்பத்துக்குள்ளன்னு சொன்னேன்ல, அத கவனிங்க. ஹாஸ்டல்ல போட்டிருந்தா வேலை சுலபம். ஆனா ஹாஸ்டல்ல இருக்கிற பையனுக்கு வார்டனத்தான் தெரியும், அந்த ஊர் அப்பா கோபம் வந்தா எப்படிக் கத்துவார், அம்மா கடன எப்படி சமாளிக்கிறாங்க, தாத்தா செத்தா அந்த வீட்டுல யார் யார் அழறாங்க, இதெல்லாம் எங்கேருந்து தெரியும்? வயசும் பாருங்க, பட்டதாரிக்கு ஃபெலோஷிப் குடுத்துப் பாத்துட்டாங்க, இப்போ பதினாறு பதினேழு வயசு. அந்த வயசுல பிள்ளை எந்த வீட்டுல சாப்பிடுதோ அந்த வீட்டு ஆளா மாறிடும்.

1947ல முதல் செட், 10 நாட்டுலேருந்து 52 பேர், அமெரிக்காவுக்கு. போர் முடிஞ்சு பத்து வருஷம் கூட ஆகாதப்பவே ஜெர்மனியிலேருந்தும் ஜப்பான்லேருந்தும் பிள்ளைங்க வர ஆரம்பிச்சிடுச்சு. யோசிங்க, மகன போர்ல பறிகொடுத்த ஊர்ல ஒருத்தன் ஜெர்மன் பையனுக்குக் கட்டில் போட்டுக் குடுத்திருக்கான். 1950லேருந்து அமெரிக்கப் பிள்ளைங்களும் வெளிய போச்சு, 1971லேருந்து அமெரிக்காவ நடுவுல வைக்காம மத்த நாடுங்க தங்களுக்குள்ளயே மாத்திக்கலாம்னு ஆச்சு. என்னைக் கேட்டா அந்த 1971 முடிவுதான் பெரிசு, அதுவரைக்கும் எல்லாரும் அமெரிக்காவப் பாத்து அசந்து போறதுதான் எக்ஸ்சேஞ்ச்.

ஒரு வேடிக்கை சொல்றேன். டிரைவருங்க ஆரம்பிச்ச இயக்கம், ஆனா இன்னிக்கு ஏஎஃப்எஸ்ல போற பிள்ளைக்கு முக்கியமான ரூல்ல ஒன்னு என்ன தெரியுமா, வண்டி ஓட்டக்கூடாது. மோட்டார்சைக்கிள் கூட தொடக்கூடாது, மீறினா மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கலாட்டி இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, பாவம், அவர் 1964லயே போயிட்டார்.

இதுல போன பிள்ளைங்கள்ல பெரிய ஆளானவங்க உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவரா ஆன கிறிஸ்டின் லகார்ட், 1973ல பிரான்ஸ்லேருந்து மேரிலண்டுக்குப் போன ஏஎஃப்எஸ் பொண்ணுதான். சரி, அது விளம்பரத்துக்கு நல்லாருக்கும், ரொம்ப நீட்ட வேண்டாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் 2002ல அமெரிக்க அரசாங்கம் முஸ்லிம் மக்கள் நிறைய இருக்கிற நாடுங்களுக்காக கென்னடி லூகர் யெஸ்னு முழுச் செலவுத் திட்டம் ஒன்னு ஆரம்பிச்சுது, அதுல மலேசியப் பிள்ளைங்களும் போயிருக்கு.

இப்போ என்னோட கேள்வி. "எம்பிள்ளைய எப்படி அனுப்புறது"ன்னு எல்லாரும் கேக்கறீங்க, "எங்க வீட்டுக்கு ஒரு பிள்ளைய எப்படி அழைக்கறது"ன்னு நான் ஏஎஃப்எஸ்ல வாலண்டியரா இருந்த காலத்துல நம்மாளுங்க கேட்டு நான் பாத்தது ரொம்பக் கம்மி. அனுப்புற பிள்ளை ஒவ்வொன்னுக்கும் அங்க ஒரு வீடு சம்பளம் வாங்காம சோறு போடுது, ஹோஸ்ட் குடும்பத்துக்கு அம்பது காசு குடுக்கறதில்ல, அதான் இந்த இயக்கத்தோட ஆரம்பத்துலேருந்து இருக்கிற வழக்கம். நாம அந்தச் சோத்த வாங்கிட்டு இங்க கதவ சாத்திக்கிறோம். கோவிச்சுக்காதீங்க, சொல்லித்தான் ஆகணும்.

வீடு சின்னதுன்னு சொல்வீங்க. தனி ரூம் வேணாம், தனிக் கட்டில் போதும், பொண்ணுன்னா உங்க பொண்ணு ரூம்லயே போடலாம். மாட்டிறைச்சி கேக்குமோன்னு பயப்படறீங்க, அதுக்குத்தான் முதல்லயே வீட்டுப் பழக்கத்த எழுதித் தரச் சொல்றாங்க, சைவ வீடு கேக்கற பிள்ளைங்களும் வருது. ஒத்து வரலைன்னா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாலண்டியர் தொடர்புல இருப்பாங்க, பேசிப் பாப்பாங்க, முடியலைன்னா வேற வீடு மாத்துவாங்க, அதுல யாருக்கும் அவமானம் கிடையாது. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாதே? அது ரொம்ப நல்லது. நான் பாத்த ஒரு இத்தாலிக்காரப் பொண்ணு பட்டர்வொர்த்துல ஒரு வீட்டுப் பாட்டிகிட்டதான் தமிழ் பழகுச்சு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படியில பால்குடத்தோட ஏறிக்கிட்டே முன்னால போறவங்கள "நவுருங்கலா, வழி விடுங்க"ன்னு சத்தம் போட்டுச்சு, கூட்டமே திரும்பிப் பாத்துச்சு.

எஸ்பிஎம் கேள்விக்கு வர்றேன். எந்த வருஷம் போறதுன்னு பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஸ்கூல்ல எழுத்துமூலமா முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க. காசு நாட்டுக்கு நாடு வேற, ஸ்காலர்ஷிப்புக்கு மார்க்கு மட்டும் பாக்க மாட்டாங்க, இண்டர்வியூவுல பிள்ளை தானா பேசணும், அம்மா எழுதிக்குடுத்து மனப்பாடம் பண்ணது அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். மேசையில ரெண்டு விதப் பாரம் இருக்கு, வெள்ளை அனுப்பறதுக்கு, மஞ்சள் அழைக்கறதுக்கு. வெள்ளை இப்பவே பாதி காலி, மஞ்சள்ல இன்னும் கட்டே பிரிக்கல.

பின் வரிசையில அந்த ஐயா ரொம்ப நேரமா கை தூக்கிட்டிருக்கார், கேளுங்கய்யா.