நாற்பதாம் நாளுக்குப் பிறகு யார் வருவார்கள்?

(கல்லறைத் திருநாள் மாலைக் கூட்டத்தில் பேசியதை, கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

மேடையில் இருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, குருசேகரச் செயலர், பொருளாளர் அவர்களே, இந்தக் குளிரிலும் கோத்தகிரி வரைக்கும் ஏறி வந்திருக்கிற கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற படுகர் பெரியவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, காலையிலிருந்து பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போன பாடகர் குழுப் பிள்ளைகளே, கல்லறைத் தோட்டத்துப் புல்லையெல்லாம் ஒரு வாரமாக வெட்டிச் சுத்தம் செய்த கோயில் வேலைகளைப் பார்க்கிற நம் கோயில்பிள்ளை அண்ணன் அவர்களே, தேயிலை எஸ்டேட் லயன்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்திருக்கிற சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். படுகர் பெரியவர்கள் வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். 1846-இல் கேத்தியில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி சங்கம் வேலை தொடங்கிய நாளிலிருந்து இந்த நீலகிரி மலையில் சபையும் ஹட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் வாழ்கின்றன. ஒரு வீட்டில் சாவு என்றால் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நிற்கிறோம்.

துக்கத்தில் ஆறுதல் என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று கண்ணீர், இரண்டு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை, மூன்று சபை.

என் அம்மா அடிக்கடி சொல்வார்கள், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று. சாவு வீட்டுக்குப் போகிற எல்லாரும் வாசலில் ஒரு நிமிடம் நின்று இதை நினைத்துக்கொண்டு உள்ளே போனால் நல்லது. உள்ளே போனதும் நாம் என்ன சொல்கிறோம்? "அழாதீங்க, எல்லாம் தேவ சித்தம்." ஏன் அழக்கூடாது? லாசரு கல்லறைக்குப் போய் நாலு நாள் ஆன பிறகு பெத்தானியாவுக்கு வந்த ஆண்டவருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரியாதா? தெரிந்தும், மரியாள் அழுகிறதைப் பார்த்து அவரும் அழுதார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் 11-இல் படிக்கிறோம். அவர் அழுதிருக்கும்போது அழாதே என்று சொல்ல நாம் யார்? யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. அப்புறம் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்களே, அங்கேதான் அந்த மனுஷனுக்கு இன்னும் வேதனையானது.

இரண்டாவது, உயிர்த்தெழுதல். அதை ஆயர் ஐயா காலைப் பிரசங்கத்திலேயே அழகாகச் சொல்லிவிட்டார்கள். நானும் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன்.

சரி, சபைக்கு வருகிறேன். இங்கே ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மலையகத் தமிழரைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், பாதிச் சொந்தம் பதுளையிலேயே தங்கிப்போனது. வீட்டுக்காரர் இங்கே ஒரு எஸ்டேட்டில் வேலை. ஒரு நாள் காலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனவர் செடிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நம் சபை அந்த அடக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. லயன் முழுக்க ஆட்கள், நாலைந்து வீட்டிலிருந்து சாப்பாடு, பாட்டு, இராத்திரி ஜெபம், நாற்பதாம் நாள் வரைக்கும் அந்த வீட்டு அடுப்பை அந்த அம்மா பற்ற வைக்கவே தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

நாற்பத்தொன்றாம் நாள்? யாரும் இல்லை. வந்தது ஒரு கடிதம்தான், லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்துக்குப் போனால், அவர் பெயர் பி.எஃப். கணக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒரு தாளில், பிறந்தபோது வைத்த பெயர் இன்னொரு தாளில், இது நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாரிசுச் சான்று கொண்டு வா என்றார்கள். அதற்குப் போனால் இறப்புச் சான்றில் எழுத்துப் பிழை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. அந்த அம்மா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்று சிலர் பேசினோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அப்போதுதான் நம் சபையில் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் போய் உட்கார்ந்தார். ஜெபம் பண்ணிவிட்டு, "அந்தத் தாள் எல்லாத்தையும் எடும்மா" என்றார். ஆயர் ஐயாவிடம் கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் வாங்கினார், இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டார், தாலுகா ஆபீஸ் வரிசையில் அந்த அம்மாவோடு நின்றார், எஸ்டேட் ஆபீசில் பேசிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினார். எல்லாம் முடிய மாதங்கள் ஆனது. முடிந்த பிறகு அந்த அம்மா சொன்னதை அவர் என்னிடம் சொன்னார்: "நீங்க எல்லாம் பாடினப்ப எனக்கு அழுகை வந்துச்சுண்ணே. நீங்க கூட வந்து வரிசையில நின்னப்பதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

இதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதையும் பேச மனமில்லை. யாக்கோபு முதல் அதிகாரத்தைப் பாருங்கள், "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறது" என்றுதான் சுத்தமான பக்தியை எழுதுகிறார். ஆதிச் சபையில் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பங்கிடுவதில், விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் உடனே சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்க வைத்தார்கள். ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர்.

நான் கேட்பதும் ஏழு பேர்தான். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிற ஏழு பேர். போய்ச் சும்மா உட்காரட்டும், காபி குடிக்கட்டும், அப்புறம் தாள்களைக் கேட்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று எத்தனை வீட்டுக்குத் தெரியும்? வேலையில் இருக்கும்போதே இறந்தால் ஐந்து வருட சர்வீஸ் இல்லாவிட்டாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. பி.எஃப். பணம் தனி, குடும்ப பென்ஷன் தனி, அதோடு இணைந்த காப்பீட்டில் ஏழு லட்சம் வரைக்கும் கிடைக்க வழி இருக்கிறது. புருஷனை இழந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? ஆபீசில் கேட்டால் ஃபாரம் தருவார்கள். நிரப்ப ஆள் வேண்டும், கூடப் போக ஆள் வேண்டும்.

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்த வாரம் எந்தச் சபை, எந்த ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இந்தக் குழுவும் நம் சபை உறுப்பினருக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. பங்குத்தந்தை அவர்கள் தங்கள் பங்கிலிருந்து இரண்டு பேரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மிக்க நன்றி ஃபாதர்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியும், எங்களுக்குத் தெரியாது, அதனால் நீங்கள் கட்டாயம் வேண்டும். பின்வாசலில் கோயில்பிள்ளை அண்ணனிடம் நோட்டு இருக்கிறது. பெயர், போன் நம்பர், எந்தக் கிழமை வர முடியும், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். இந்த வாரமே இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.