சாப்பாட்டில் தொடங்கும் நலம் விசாரிப்பு

எல்லோருக்கும் வணக்கம். கொரியாவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "'எப்படி இருக்கீங்க'ன்னு கொரிய மொழியில் எப்படி சார் கேட்கிறது?" என்றுதான். நானும் அதைத்தான் முதலில் மனப்பாடம் செய்தேன். "ஒத்தொக்கே ஜினேசேயோ?" புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சாங்வொன் நகரத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போன முதல் வாரம், தினமும் காலையில் எங்கள் பூஜாங்கிடம், அதாவது துறைத் தலைவரிடம், இதையே கேட்டேன். மனிதர் ஒவ்வொரு தடவையும் நின்று, கொஞ்சம் யோசித்து, "நே...", அதாவது "ஆமாம்...", என்று இழுத்துவிட்டுப் போவார். நான்காம் நாள் பக்கத்து மேசைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பூஜாங் வீட்டில் ஏதாவது பிரச்சினையா? நீ ஏதும் கேள்விப்பட்டாயா?" என்றார்.

ஜினேதா என்றால் நாளைக் கழிப்பது. காலம் எப்படிப் போகிறது என்று கேட்கிறோம், ரொம்ப நாளாகப் பார்க்காதவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நேற்று சாயங்காலம்வரை கூடவே இருந்தவரிடம் இன்று காலை எட்டு மணிக்கு அதைக் கேட்டால் அவர் குழம்பத்தானே செய்வார்? தினசரிக்கு "அன்யோங் ஹாசேயோ" போதும். அன்யோங் சீன எழுத்துகளின் வழியாக வந்த சொல், அமைதி, நலம் என்று பொருள். பார்த்தால் அதுவும் "நலமா?" என்ற கேள்விதான், ஆனால் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை, நீங்களும் அதையே திருப்பிச் சொல்லிக் கொஞ்சம் தலை குனிந்தால் முடிந்தது.

உண்மையான விசாரிப்பு சாப்பாட்டில்தான் இருக்கிறது. "பாப் மொகொஸ்ஸொ?", சாப்பிட்டாச்சா? பாப் என்றால் சோறு, சாப்பாட்டுக்கும் அதே சொல். போன அறுவடை அரிசி தீர்ந்துபோய், பார்லி இன்னும் விளையாத வசந்த காலப் பசியை அங்கே பார்லி மேடு என்பார்கள், 1960கள் வரை கிராமங்கள் ஆண்டுதோறும் ஏறி இறங்கிய மேடு அது. அந்த நாட்களின் மிச்சம்தான் இந்தக் கேள்வி என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் கேன்டீனில் ஒரு இமோ இருந்தார். இமோ என்றால் அம்மாவின் அக்கா தங்கை, ஆனால் நாம் மெஸ் நடத்துகிறவரை அக்கா என்பதுபோல அங்கே உணவகத்தில் பரிமாறுகிறவரையும் இமோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பார்த்து "பாப் முகொன்னா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது சாங்வொன் இருக்கிற கியோங்சாங் பகுதியின் வட்டார வழக்கு, புத்தகத்தில் இருந்த அதே கேள்விதான். புரிந்த அன்று மத்தியானம் மூன்று மணி, வேலை இழுத்துவிட்டது, உண்மையைச் சொன்னேன்: "ஆஜிகியோ", இன்னும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி எடுத்து, அடுப்பைப் பற்றவைத்து, ஒரு முட்டையைப் பொரித்துச் சோற்றின் மேல் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் தலையில் பொறுப்பு விழும், அதனால் பலரும் பசித்தாலும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். இந்த நாகரிகம் நமக்குப் புதிதா என்ன?

இங்கே ஒரு எச்சரிக்கை. கொரிய டிவி தொடரில் கேட்டதை அப்படியே பூஜாங்கிடம் "பாப் மொகொஸ்ஸொ?" என்றால், "என்னடா, தின்னாச்சா?" என்று கேட்ட மாதிரி. மேலதிகாரிக்கு "ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?". வயதான தாத்தா பாட்டிக்குச் சோற்றின் பெயரே மாறிவிடும், பாப் போய் ஜின்ஜி ஆகிவிடும். "நீங்கள்?" என்று திருப்பிக் கேட்கவும் "நீங்கள்" கிடையாது, "பூஜாங்னிமுன்யோ?" என்று பதவியைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். (அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு ஆப்பா, ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து போனது என்று தயவுசெய்து யாரும் கிளம்பாதீர்கள். எந்த ஊர்க் குழந்தை உதட்டை மூடித் திறந்தாலும் வருகிற சத்தம் அது.)

அப்புறம் "ப்யொல்லில் ஒப்ஸுஷிஜ்யோ?". விசேஷம் ஒன்றும் இல்லையே என்று அர்த்தம், புதிதாக ஒன்றும் நடக்காமல் இருப்பதே நலம் என்கிற கணக்கு. தெருவில் வயதானவர்கள் "ஒதி காசேயோ?", எங்கே கிளம்பிட்டீங்க, என்பார்கள். விலாவாரியாகப் பதில் சொல்லாதீர்கள், நம் ஊர் "என்ன, தூரமா?" மாதிரிதான், "சும்மா, இப்படி" என்றால் போதும்.

ஊர் திரும்பி இரண்டு வருஷம் கழித்து அந்த பூஜாங் சென்னைக்கு வந்தார். விமான நிலைய வாசலில் பழைய கேள்வியை இறந்த காலத்தில் கேட்டேன்: "ஒத்தொக்கே ஜினேஷ்யொஸ்ஸொயோ?" இந்த முறை அவர் யோசிக்கவில்லை. "தொக்புனே", என்றார். தொக் என்றால் நற்குணம், அறம். உங்கள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன் என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் அதேதான். சொல்லிவிட்டுச் சிரித்தார், "இனி தினமும் காலையில் கேட்கமாட்டாயே?"