டிரான்ஸ்ஃபர் போடப் போகிறீர்களா? முதலில் உங்கள் சிலபஸ்களை எடுத்து வையுங்கள்

வணக்கம் நண்பர்களே. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் லேப்டாப் திரையைக் கேமரா பக்கம் கொஞ்சம் திருப்புகிறேன். தெரிகிறதா? ‘சிலபஸ்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே 18 பிடிஎஃப். பழைய பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் நான் படித்த 18 பாடங்களுக்கும் தலா ஒன்று. நான் பல்கலைக்கழகம் மாறிய கதையில் எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்தது இந்த ஃபோல்டர்தான். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் இளங்கலை படிக்கும்போதே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாறலாம். இங்கே அது வழக்கமான விஷயம். இரண்டு வருடப் படிப்பு நடத்தும் உள்ளூர் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் அந்த இரண்டு வருடத்தைப் படித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்தைப் பெரிய பல்கலைக்கழகத்தில் முடிப்பவர்கள் ஏராளம். என்னைப் போல நான்கு வருடப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் எல்லா இடமும் எல்லா வருடமும் ஆள் எடுக்கும் என்று நினைக்காதீர்கள். பிரின்ஸ்டன் 1990-இல் டிரான்ஸ்ஃபர் சேர்க்கையை நிறுத்தியது. மறுபடி ஆரம்பித்தது 2018-இல்தான். அதனால் நீங்கள் விரும்பும் இடத்தில், நீங்கள் விரும்பும் மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை எடுக்கும், பக்கத்துத் துறை எடுக்காது.

சரி, என் கதை. நான் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருட ஆரம்பத்தில் மாறலாம் என்று முடிவு செய்தேன். பரிந்துரைக் கடிதம் வேண்டுமே, அதனால் எங்கள் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேராசிரியர் அறைக்குப் போனேன். உங்கள் இடத்தை விட்டுப் போகிறேன், அதற்கு நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள் என்று ஒருவரிடம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இங்கே படிக்க முடியாத எதை அங்கே படிக்கப் போகிறாய்?”

என்னிடம் பதில் இல்லை. ஊர் பிடிக்கவில்லை, விடுதி பிடிக்கவில்லை, நண்பர்கள் அமையவில்லை. இதெல்லாம்தான் வாயில் வந்தது. நான் எழுதி வைத்திருந்த முதல் கட்டுரையும் இதே புலம்பல்தான். “யோசித்துவிட்டு வா, கடிதம் நிச்சயம் தருகிறேன்” என்றார்.

அன்று இரவும் அடுத்த இரவும் உட்கார்ந்து, போக நினைத்த பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலை முழுக்கப் படித்தேன். அங்கே இளங்கலையிலேயே பயோஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்புகள் இருந்தன. மருந்துச் சோதனைகளை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதற்கு ஒன்று, ஒரு நோய் எத்தனை பேரிடம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட ஒன்று. என் பழைய இடத்தில் இவை முதுகலையில்தான். படிக்கப் படிக்க எனக்கே புரிந்தது, இதற்காகத்தான் நான் போக வேண்டும் என்று. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பழைய இடத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அங்கே கற்றுக்கொண்டது என்னை எந்த வாசல் வரைக்கும் கூட்டி வந்தது, அதற்கு மேல் ஏன் அங்கே வழியில்லை என்று மட்டும் எழுதினேன். டிரான்ஸ்ஃபர் கட்டுரையை வாசிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான் என்று நான் நம்புகிறேன். உங்கள் காரணத்தை அவர்களுடைய பாடப் பட்டியலில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

விண்ணப்பம் போடும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் டிரான்ஸ்ஃபருக்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது. முதலாண்டு சேரும்போது நிரப்பியது இதற்கு உதவாது. காலேஜ் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் பல இடங்களில் கேட்பார்கள். நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று உங்கள் இப்போதைய பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் அது. மிட்-டெர்ம் ரிப்போர்ட் என்பது நடந்துகொண்டிருக்கும் வகுப்புகளில் உங்கள் நிலவரம். ஒவ்வொரு பேராசிரியரிடமும் கேட்டு வாங்க வேண்டும், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். இலையுதிர் காலச் சேர்க்கைக்குப் பல தனியார் பல்கலைக்கழகங்களில் மார்ச்சில் கடைசித் தேதி. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் வளாகங்களில் அது முந்தைய நவம்பர் இறுதியை ஒட்டியே வந்துவிடும். மார்ச்தானே என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் யூசி கைவிட்டுப் போயிருக்கும். அப்புறம் மார்க் விஷயம்: முதலாண்டிலேயே விண்ணப்பித்தால் பள்ளி மார்க்கைக் கூர்ந்து பார்ப்பார்கள், இரண்டாம் ஆண்டில் போட்டால் கல்லூரி மார்க்குக்குத்தான் எடை அதிகம்.

இனி நான் நிதானமாகப் பேச விரும்பும் இடம். கிரெடிட். ஒரு பாடத்தை முடித்தால் பட்டத்துக்கான கணக்கில் சேரும் புள்ளிதான் அது.

அட்மிஷன் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். புதிய இடம் உங்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு முடிவு. நீங்கள் ஏற்கெனவே படித்ததைச் சேர்த்துக்கொள்வது வேறு முடிவு. அதை எடுப்பவர்கள்கூட வேறு ஆட்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004-இலிருந்து 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்திருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. கிட்டத்தட்ட பாதி! இழந்த கிரெடிட்டை மறுபடி படிக்க வேண்டுமென்றால் மறுபடி காசும் கட்ட வேண்டும், மறுபடி காலமும் போகும்.

எங்கே இழக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதியைத் தடுக்கலாம். என் பழைய பல்கலைக்கழகம் கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. புதியது இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை. ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட் ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். 18 பாடம், பாடத்துக்கு 5, ஆக என்னிடம் இருந்தது 90 குவார்ட்டர் கிரெடிட். மாற்றினால் 60 செமஸ்டர் கிரெடிட். மொத்தத்தில் எதுவும் குறையவில்லை. ஆனால் தனித்தனிப் பாடமாகப் பாருங்கள்: 5 குவார்ட்டர் கிரெடிட் பாடம் ஒன்று, 3.33 செமஸ்டர் கிரெடிட்டாகத்தான் வரும். புதிய இடத்தில் அந்தப் பாடத்துக்கு 4 வேண்டும். தொடர் பாடங்களில் இன்னும் மோசம். இயற்பியலை மூன்று குவார்ட்டராகப் பிரித்து நடத்துவார்கள். செமஸ்டர் முறையில் அதுவே இரண்டு பாகம். மூன்றில் இரண்டை மட்டும் முடித்துவிட்டு மாறினால், அங்கே இரண்டாவது பாகம் உங்கள் கணக்கில் வராமல் போகலாம். மாறுவது உறுதி என்றால் தொடரை முடித்துவிட்டு மாறுங்கள்.

இன்னொன்று, ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களிலும் வாங்கிய கிரேடுகளின் சராசரி. பெரும்பாலான இடங்களில் கிரெடிட் மட்டும்தான் வரும், ஜிபிஏ வராது. புதிய இடத்தில் உங்கள் ஜிபிஏ முதலிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். சி கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பல இடங்களில் ஏற்கவே மாட்டார்கள்.

இப்போது ஃபோல்டருக்கு வருகிறேன். சேர்க்கை உறுதியாகி மூன்று வாரம் கழித்து எனக்கு மதிப்பீட்டு அறிக்கை வந்தது. 18 பாடமும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. சந்தோஷமாகக் கீழே இறங்கி வாசித்தால், ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடத்துக்கு எதிரே ‘பொது எலெக்டிவ்’ என்று போட்டிருந்தது. கிரெடிட் கணக்கில் உண்டு, ஆனால் மேஜரில் அதற்கு மதிப்பில்லை. அந்தப் பாடம்தான் நான் ஆசைப்பட்ட அத்தனை பயோஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்புக்கும் முன்தேவை. அதை மறுபடி எடுத்தால் என் திட்டம் முழுக்க ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும்.

அட்வைசரிடம் கேட்டேன். மேல்முறையீடு செய்யலாம், சிலபஸ் அனுப்புங்கள் என்றார். பாட அட்டவணையில் இருக்கும் நான்கு வரி விவரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நான்கு வரியில் என்ன தெரியும்? என்னிடம் இருந்தது ஒன்பது பக்கம். இதோ, இதுதான். இரண்டாம் பக்கத்தில் பாடப்புத்தகம், எந்தெந்த அத்தியாயம் என்று. நான்காம் பக்கத்திலிருந்து வாரம் வாரியாகத் தலைப்புகள். ஏழாவது வாரத்தில் ரிக்ரெஷன் ஆரம்பிக்கிறது பாருங்கள். கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று. இதோடு நான் செய்த இரண்டு அசைன்மென்ட்டையும், பிழையோடு அப்படியே சேர்த்தேன். புதிய இடத்தின் சிலபஸைப் பக்கத்தில் வைத்து, அவர்களின் ஒவ்வொரு தலைப்பும் எங்கள் வகுப்பில் எந்த வாரம் வந்தது என்று ஒரு பக்க அட்டவணை போட்டேன். அவர்களுடைய இரண்டு தலைப்புகள் எங்கள் வகுப்பில் இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

பதினோரு நாள் கழித்து துறையிலிருந்து பதில் வந்தது. மேஜருக்கான பாடமாகவே ஏற்றுக்கொண்டார்கள். விடுபட்ட இரண்டு தலைப்புகளைச் சொந்தமாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள், படித்தேன்.

இதை நான் அட்மிஷனுக்கு முன்பே பார்த்திருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. டிரான்ஸ்ஃபராலஜி என்று ஒரு தளம் இருக்கிறது. உங்கள் பாடங்களைப் போட்டால், அதில் இணைந்திருக்கும் பல்கலைக்கழகங்கள் எதை எதற்குச் சமமாக எடுக்கும் என்று காட்டும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் படிப்பவர்களுக்கு அசிஸ்ட் என்ற தளம். எந்தப் பாடம் யூசியிலும், அங்கே இருக்கும் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டிலும் எந்தப் பாடமாக ஏற்கப்படும் என்ற ஒப்பந்தங்கள் அதில் அப்படியே இருக்கும்.

பணம். முதலாண்டு மாணவர்களிடம் வசதி பார்க்காமல் சேர்க்கிற சில பல்கலைக்கழகங்கள், டிரான்ஸ்ஃபர் என்று வந்தால் உங்களால் கட்ட முடியுமா என்பதையும் பார்க்கும். பழைய இடத்தின் ஸ்காலர்ஷிப் உங்களோடு வராது. டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் உதவித்தொகைக் கடிதத்தையும் கிரெடிட் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டம் முடிக்க இன்னும் எத்தனை செமஸ்டர், அதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மதிப்பீடு அதற்குள் வராது என்றால், அதிகாரபூர்வமற்ற மதிப்பீடாவது தர முடியுமா என்று கேளுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தரவுத்தளமான செவிஸில் உள்ள உங்கள் பதிவைப் பழைய இடம் ஒரு குறிப்பிட்ட தேதியில் புதிய இடத்துக்கு விடுவிக்கும். அந்தத் தேதி வருவதற்குள் மனம் மாறினால் நிறுத்தச் சொல்லலாம். தேதி தாண்டிவிட்டால் பழைய இடத்தால் எதுவும் செய்ய முடியாது. எங்கே போகிறீர்கள் என்று உறுதியாகாமல் தேதி கொடுக்காதீர்கள். வளாகத்துக்குள் வேலை பார்த்தால் அதற்கான அனுமதியும் அதே நாளோடு முடிந்துவிடும். எனக்கு நூலகத்தில் வேலை இருந்தது. கடைசி ஷிஃப்ட்டை முடித்த மறுநாளைத்தான் விடுவிப்புத் தேதியாகக் கேட்டு வாங்கினேன்.

கடைசியாக, இந்த 18 பிடிஎஃப் எப்படி என்னிடம் இருந்தது என்று சொல்ல வேண்டும். கடிதம் தந்த அதே பேராசிரியர்தான் காரணம். கடிதத்தை அனுப்பிவிட்டேன் என்று சொல்ல எழுதிய மின்னஞ்சலில் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: “போவதற்கு முன் எல்லா சிலபஸையும் இறக்கிக்கொள், வெளியேறிய பிறகு உன் லாகின் வேலை செய்யாது.” அன்று மாலையே உட்கார்ந்து எடுத்தேன். 14 பாடங்களுக்கு போர்ட்டலில் இருந்தது. மீதி நான்குக்குப் பேராசிரியர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், துறை அலுவலகத்தில் ஒரு பழைய பிரதியைத் தேடித் தந்தார்கள். நான் கிளம்பி நான்கு மாதத்தில் லாகின் மூடப்பட்டது. ஸ்டாடிஸ்டிக்ஸ் மேல்முறையீடு முடிந்ததும் அவருக்குத்தான் முதலில் எழுதினேன். அந்த ஒன்பது பக்க சிலபஸும் அவர் கைப்பட உருவாக்கியதுதானே.